சொல்லை எங்கே வெட்டுவது?

ஹெலிகாப்டர் என்ற சொல்லை இரண்டாக வெட்டச் சொன்னால் எங்கே வெட்டுவீர்கள்? ஹெலி, காப்டர் என்றுதான் பெரும்பாலும் எல்லாரும் வெட்டுவோம். நாக்கு அங்கேதான் ஒரு நொடி நிற்கிறது. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது வெட்டு அங்கே இல்லை. 1861-ல் குஸ்தாவ் போந்தோன் தமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி இதைச் செய்தார். ஹெலிக்ஸ் என்றால் திருகு, சுருள். ப்டெரோன் என்றால் சிறகு. ஆக ஹெலிகோ + ப்டெர், திருகுச்சிறகு. பிள்ளைகளின் டைனோசர் புத்தகங்களில் பறந்துகொண்டிருக்கும் டெரோடாக்டைல் என்ற பிராணியின் பெயரில் முதலில் நிற்பதும் இதே ப்டெர்தான். ஆங்கிலத்தில் அந்த ப்-ஐ எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.

ஆங்கிலம் பேசுகிறவருக்கு கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. 'ப்ட்' என்று ஒரு துண்டு தொடங்குவது அவர் காதுக்கு ஒத்துவரவும் இல்லை. அதனால் அவர் தன் வசதிக்கு வேறு இடத்தில் வெட்டிக்கொண்டார். வெட்டியதோடு நிற்கவில்லை, கிடைத்த இரண்டு துண்டையும் வைத்துப் புதுச்சொற்கள் செய்ய ஆரம்பித்தார். ஹெலிபேட், ஹெலிபோர்ட், குவாட்காப்டர். கிரேக்கத்தில் ஹெலி என்று திருகைக் குறிக்கும் தனித்துண்டு கிடையாது, காப்டர் என்று ஒன்றும் கிடையாது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

அப்படின்னா எந்த வெட்டு சரி? இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடை இல்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. இப்போது பேசுகிறவர்களின் மொழிக்குள் இது எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் நம்மாட்கள் செய்யும் சொல்லாராய்ச்சியில் பெரும்பகுதி வீணாகப் போகிறது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வெட்டும் முறையைப் பார்ப்போம்.

இந்தத் துண்டுக்கு மொழியியலில் உருபன் என்று பெயர். ஒரு பொருளோ, ஒரு இலக்கண வேலையோ உள்ள மிகச் சிறிய துண்டு. வரையறை எளிது. ஒரு மொழியில் உருபன்கள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலிருந்து ஆறு சொற்கள் தருகிறேன், நீங்களே செய்து பாருங்கள்.

நினாசோமா – நான் படிக்கிறேன்
உனாசோமா – நீ படிக்கிறாய்
அனாசோமா – அவர் படிக்கிறார்
நிலிசோமா – நான் படித்தேன்
நிமேசோமா – நான் படித்திருக்கிறேன்
நினாபிகா – நான் சமைக்கிறேன்

ஒவ்வொன்றையும் தனியாக முறைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுவும் பொருளில் ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிற இரண்டை. முதல் இரண்டு வரிகளில் மாறியது 'நான், நீ' மட்டும். ஒலியில் மாறியது நி, உ மட்டும். அப்போ நி என்றால் நான், உ என்றால் நீ. முதல் வரியையும் நான்காம் வரியையும் வையுங்கள். காலம் மாறியிருக்கிறது, னா போய் லி வந்திருக்கிறது. கடைசி வரியில் வேலை மாறியிருக்கிறது, சோமா போய் பிகா. ஆக, ஆள் + காலம் + வினை. தமிழில் படி-க்கிற்-ஏன் என்று வினை, காலம், ஆள் என வருவதைக் கண்ணாடியில் காட்டியது போல இருக்கிறது. இது சரிதானா என்று சோதிக்க வழி உண்டு: பட்டியலில் இல்லாத ஒன்றை நீங்களே உருவாக்கலாம். 'நீ சமைத்தாய்' என்பது உலிபிகாவாக இருக்க வேண்டும். ஆமாம், அதேதான்.

இப்போது ஏழாவதாக ஒன்று. சிசோமி – நான் படிப்பதில்லை.

இதுவரை சோமா என்பதை உடையாத ஒரு துண்டு என்று வைத்திருந்தோம். இங்கே அது சோமி என்று வருகிறது. அப்போ 'படி' என்ற பொருள் சோமாவில் இல்லை, சோமியிலும் இல்லை. இரண்டுக்கும் பொதுவான சோம் என்பதில் இருக்கிறது. கடைசியில் உள்ள ஆ ஒரு தனி உருபன், எதிர்மறையில் அதன் இடத்தில் இ வருகிறது. முன்னால் உள்ள சி இன்னும் வேடிக்கை. 'நான்' என்பதும் 'இல்லை' என்பதும் அந்த ஒரே துண்டில் ஒட்டிக்கிடக்கின்றன, பிரிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மா, மி என்று தமிழ் எழுத்தில் எழுதும்போது வெட்டு எழுத்துக்கு நடுவில் விழுகிறது. ம் ஒரு பக்கம், ஆ மறுபக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய விஷயமாக வரப்போகிறது.

மேலே செய்ததில் அடங்கியிருக்கிற விதிகள் கொஞ்சம்தான். ஒரு துண்டு வேறு சொற்களிலும் அதே வேலையோடு வர வேண்டும். அதை வெட்டி எடுத்தபிறகு மிஞ்சுவதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதை வைத்து, இன்னும் பார்க்காத சொல்லை முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். வடிவம் ஒத்திருப்பது மட்டும் போதாது. மரங்கள், வீடுகள், பூக்கள் எல்லாவற்றிலும் கள் பன்மை. ஆனால் திங்கள் பன்மை இல்லை, துகள் பன்மை இல்லை. 'கள்' என்று முடிந்தால் சீவிவிடு என்று ஒரு ஸ்டெம்மருக்குச் சொல்லிக்கொடுத்தால் அது திங்கள்கிழமையில் இருந்து 'திங்' என்று ஒரு சாமானைக் கண்டுபிடித்துத் தரும். சுல்தானின் கடைசியில் உள்ள தான், வந்தானில் உள்ள த் + ஆன் மாதிரியே இருக்கிறது. அதற்காக சுல் என்று ஒரு வினை இருந்ததாக யாரும் சொல்வதில்லை.

மிச்சத்துக்குக் கணக்கு காட்டுவது என்றேன். சில நேரம் மிச்சம் அநாதையாகவும் நிற்கும். ஆங்கிலத்தில் கிரான்பெரி என்று ஒரு பழம். பெரி பல பழங்களில் வருகிறது, கிரான் வேறு எங்கேயும் வருவதில்லை. ஆனாலும் பெரியை வெட்டிவிட்டதால் கிரானும் ஒரு துண்டாக நின்றே தீர வேண்டும். மொழியியலில் இப்படிப்பட்ட துண்டுக்கு கிரான்பெரி உருபன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம்மிடம் தொண்ணூறு இருக்கிறது. நூறு தெரிகிறது, ஆனால் தொண் என்ன? தொள்ளாயிரத்தில் தொள் என்று அதன் உறவு ஒன்று எட்டிப்பார்க்கிறது, அவ்வளவுதான். ஒன்பதுக்குத் தொண்டு என்று பழைய சொல் ஒன்று இருந்தது. அது தனியாக வழக்கொழிந்துபோய் இந்த இரண்டு எண்களுக்குள் மட்டும் பதுங்கியிருக்கிறது.

பள்ளியில் தமிழ் படித்த எல்லாரும் இந்த வெட்டும் வேலையை மதிப்பெண்ணுக்காகச் செய்திருக்கிறோம். பகுபத உறுப்பிலக்கணம் தருக, நான்கு மதிப்பெண். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் பதவியல் என்ற பகுதியில் இருப்பது அது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகள். நடந்தனன் என்பதில் நட பகுதி, நடுவில் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் விகுதி. அப்போது மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்ததை இப்போது பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஏனென்றால் இந்த ஆறில் எல்லாவற்றுக்கும் பொருள் இல்லை. மரம் + ஐ = மரத்தை. நடுவில் வந்த அத்துக்கு என்ன பொருள்? ஒன்றும் இல்லை. அது சாரியை, சும்மா ஒட்டுவதற்கு வந்தது. 'பொருள் உள்ள மிகச் சிறிய துண்டு' என்று வரையறை வைத்துக்கொண்டவர்களுக்கு அத்து ஒரு தலைவலி. பொருளுள்ள உறுப்பு, பொருளில்லாத உறுப்பு, ஒலி மாற்றம் மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்தவருக்கு அது தலைவலியே இல்லை.

ஒரே உருபன் பல வடிவில் வரலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. செய்தான், உண்டான், சென்றான், பாடினான். இறந்தகாலம் ஒன்றுதான், வடிவம் த், ட், ற், இன் என்று நான்கு.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது போன ஊர்களுக்கெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். சொல்: கிதாப். அரபியில் புத்தகம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் மார்க்க நூல்களை கிதாபு என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அரபியில் இதன் பன்மை குதுப். எழுதுகிறவர் காதிப். எழுதப்பட்டது மக்தூப். எழுதும் இடம் மக்தப், நம்மூரில் பிள்ளைகள் ஓதப் போகும் மக்தப் மதரஸாவின் பெயரில் இருப்பது. நூலகம் மக்தபா. இவற்றைப் பக்கத்தில் வைத்து முன்பு போல வெட்டப் பாருங்கள். முன்னால் ஒட்டு, பின்னால் ஒட்டு என்று கத்தியை வைக்க இடமே கிடைக்காது. மாறாமல் இருப்பது க், த், ப் என்ற மூன்று மெய்கள் மட்டும். அவற்றுக்கு நடுவிலும் முன்னாலும் உள்ளவைதான் மாறுகின்றன. வேர் என்பது மூன்று மெய்களின் வரிசை, பொருளை வளைப்பது அதன்மேல் போர்த்திய உயிர்களின் அச்சு. இ-ஆ வைத்தால் புத்தகம், உ-உ வைத்தால் புத்தகங்கள், ஆ-இ வைத்தால் எழுதுகிறவர். இரண்டு உருபன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் சீப்பும் சீப்பும் கோத்த மாதிரி ஊடும் பாவுமாக இருக்கின்றன. கத்தியால் வெட்டினால் கிடைக்காது, நூல்நூலாக உருவித்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சொல் துருக்கிக்குப் போனது. அங்கே கிதாப்பின் பன்மை கிதாப்லார். புத்தகக்காரர் கிதாப்சி. புத்தக அலமாரி கிதாப்லிக். துருக்கி மொழி தமிழ் மாதிரி, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். எவ் என்றால் வீடு, எவ்லெர் வீடுகள், எவ்லெரிமிஸ் எங்கள் வீடுகள், எவ்லெரிமிஸ்தெ எங்கள் வீடுகளில். பன்மை ஒட்டு ஒரு இடத்தில் லார், ஒரு இடத்தில் லெர். இரண்டும் ஒன்றேதான், முன்னால் உள்ள உயிரெழுத்தின் சாயலுக்கு ஏற்ப வேஷம் மாற்றிக்கொள்கிறது. இதில் முக்கியமானது, குதுப் என்ற பன்மையைத் துருக்கி கண்டுகொள்ளவில்லை என்பது. அரபியில் மூன்று மெய்களாகப் பிரிந்த சொல் இங்கே உடையாத ஒரே கட்டியாக ஆகிவிட்டது.

இந்தியில் கிதாப், கிதாபே(ங்). கடைசியில் மூக்கொலியோடு ஒரு ஏ, பெண்பால் சொற்களுக்கு வரும் பன்மை. மலாயில் கிதாப்-கிதாப். இரட்டிப்பதுதான் அங்கே பன்மை.

இதையெல்லாம்விட அழகு சுவாஹிலியில் நடந்தது. அங்கே கிதாப், கிதாபு ஆனது. சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கும், வகுப்பைக் காட்டும் ஒட்டு முன்னால் வரும். கிசு என்றால் கத்தி, விசு கத்திகள். கிஜிகோ கரண்டி, விஜிகோ கரண்டிகள். கி ஒருமை, வி பன்மை. கிதாபு வந்து சேர்ந்தது, முதலில் பார்த்தால் கி! பன்மை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். விதாபு.

அரபியில் கிதாபின் முதல் மெய் வேரின் மூன்றில் ஒன்று. அதை எடுத்தால் சொல்லே செத்துவிடும். சுவாஹிலியில் அதே மெய்யும் உயிரும் கழற்றி மாட்டும் ஒட்டு. 'ஐயோ, தப்பாப் பிரிச்சுட்டாங்களே' என்று தோன்றலாம். தப்பே இல்லை. சுவாஹிலியில் இது உண்மையான வெட்டு என்பதற்குச் சாட்சி வெளியிலும் இருக்கிறது. அந்த மொழியில் பெயரோடு வரும் அடையும் அதே ஒட்டை எடுக்க வேண்டும். கிதாபு கிஸூரி, நல்ல புத்தகம். விதாபு விஸூரி, நல்ல புத்தகங்கள். அரபியிலிருந்து வந்த சொல்லின் தலையில் இருக்கிற கி, பக்கத்தில் உள்ள அசல் ஆப்பிரிக்க அடைமொழிக்கும் ஆணை போடுகிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொரு சான்று. காதிப் என்ற சொல்லும் சுவாஹிலிக்குப் போயிருக்கிறது, காதிபு என்றால் செயலாளர். அதன் பன்மை மாகாதிபு. கிதாபுவுக்கு ஒரு வகுப்பு, காதிபுவுக்கு வேறு வகுப்பு. அரபியில் ஒரே வேரில் பிறந்த அண்ணன் தம்பிகள், இங்கே ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் இருக்கிறார்கள்.

ஆக, கிதாப் என்ற ஒலித்தொடருக்குள் எத்தனை உருபன்கள் இருக்கின்றன என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்த மொழியில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு. அரபியில் ஊடும் பாவுமாக இரண்டு, துருக்கியில் ஒன்று, சுவாஹிலியில் கி, தாபு என வரிசையாக இரண்டு.

இங்கேதான் நம் இணையச் சொல்லாராய்ச்சி. உலக மொழி எதிலிருந்தாவது ஒரு சொல்லை எடுத்து, அந்த மொழியில் அது எப்படிப் பிரிகிறது என்று பார்க்காமல், தமிழ்த் துண்டுகள் தெரிகிற இடத்தில் வெட்டி, தமிழிலிருந்து போனது என்று முடிப்பது. எவ்வளவு சுலபம் என்று நானே செய்து காட்டுகிறேன். ஹெலிகாப்டர்: எளி + காப்பு + ஏறு. ஆபத்தில் எளிதாகக் காப்பாற்ற ஏறிக்கொள்வது. வெள்ளத்தில் மொட்டைமாடியில் இருந்து ஆட்களைத் தூக்குவதைப் பார்த்தவர்கள் இதை நம்பக்கூடச் செய்வார்கள்! பிறந்த ஆண்டும் செய்தவர் பெயரும் தெரிந்த சொல்லுக்கே இப்படிச் செய்ய முடிகிறது என்றால், வரலாறு தெரியாத சொல்லுக்குக் கேட்கவே வேண்டாம்.

இது ஏன் தமிழில் இவ்வளவு சுலபம்? நம்மிடம் குட்டிச் சொற்கள் ஏராளம். ஓரெழுத்து ஒருமொழி மட்டும் 42 என்று நன்னூல் கணக்கு சொல்கிறது. ஆ, ஈ, கா, தீ, பா, மா, வை, கோ. எந்த மொழிச் சொல்லையும் எழுத்தெழுத்தாக உடைத்தால் பாதித் துண்டுக்காவது தமிழில் பொருள் கிடைத்துவிடும். கிடைக்காமல் போனால்தான் அதிசயம். அதனால் பொருள் கிடைத்தது என்பது சான்றே ஆகாது. அந்தத் துண்டு அந்த மொழியின் மற்றச் சொற்களில் அதே வேலையோடு வருகிறதா, மிச்சத்துக்குக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கே முக்கால்வாசி விழுந்துவிடும். தமிழுக்குப் பெருமை சேர்க்க இது தேவையும் இல்லை. உண்மையாகவே கடல் தாண்டிப் போன தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன, கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனது எந்த அகராதியிலும் இருக்கிறது. பொய்க் கணக்கோடு சேர்த்து வைத்தால் மெய்க் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி என் தொழில் பக்கம். வெட்டும் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க முடியுமா? தேவை நிஜமானது. தமிழ்ப் பக்கம் ஒன்றில் 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' சிக்காது, ஏனென்றால் வீட்டில் என்ற எழுத்துத் தொடருக்குள் வீடு என்ற தொடரே இல்லை. மரம் என்று தேடினால் மரத்தடி வராது, ஆறு என்று தேடினால் ஆற்றங்கரை வராது.

1955-லேயே ஜெல்லிக் ஹாரிஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு எளிய யோசனை சொன்னார். நோம் சாம்ஸ்கியின் ஆசிரியர். ஒரு சொல்லை இடமிருந்து ஒவ்வொரு ஒலியாகப் படித்துக்கொண்டே வா. ஒவ்வொரு இடத்திலும், இதுவரை வந்ததற்குப் பிறகு இந்த மொழியில் எத்தனை விதமான ஒலிகள் வரலாம் என்று எண்ணு. ஒரு துண்டுக்கு நடுவில் இருக்கும்போது அடுத்தது என்ன என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். துண்டு முடிகிற இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம், எண்ணிக்கை குபீரென்று ஏறும். ஏறுகிற இடத்தில் வெட்டு.

வீட்டில் என்பதை வைத்துப் பார்ப்போம். வீட் வரை வந்தால் அடுத்து ட் அல்லது உ. ட் வந்தபிறகு? வீட்டில், வீட்டை, வீட்டுக்கு, வீட்டார், வீட்டோடு. இ, ஐ, உ, ஆ, ஓ என்று ஐந்து வழி திறக்கிறது. அங்கே வெட்டு. அர்த்தமே தெரியாத எண்ணிக்கை சரியான இடத்தைக் காட்டிவிட்டது. குறையும் உண்டு. வீ என்பதற்குப் பிறகும் வீரம், வீதி, வீணை, வீசு, வீழ் என்று கூட்டமாக வரும், அங்கே வெட்டினால் தப்பு. சொல்லின் தொடக்கத்தில் எந்த மொழியிலும் இந்தப் பிரச்சினை இருக்கும், முதல் ஓரிரு ஒலிகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

கவனியுங்கள், வீட்ட் என்று மெய்யில் நிறுத்தியபிறகுதான் இது வேலை செய்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்தால் டி, டை, டு எல்லாம் வேறு வேறு எழுத்து, வீட் வரைதான் பொது. வெட்டு டி என்ற எழுத்தின் வயிற்றுக்குள் விழுகிறது. யூனிகோட் இன்னும் ஒரு படி குழப்புகிறது. வீட்டில் என்பது எட்டு கோட் பாயிண்ட். வ, ஈகாரக்குறி, ட, புள்ளி, ட, இகரக்குறி, ல, புள்ளி. சொல்லின் முதலில் வரும் இ என்ற எழுத்துக்கு ஒரு எண், ட-வோடு ஒட்டிய இகரக் குறிக்கு வேறு எண். இல் என்ற ஒரே உருபு, தனியாக நின்றால் ஒரு வடிவம், வீட்டில் என்பதில் ஒரு வடிவம், மலையில் என்பதில் ய் சேர்ந்து இன்னொரு வடிவம். எதைச் செய்வதற்கு முன்னும் சொல்லை வ் ஈ ட் ட் இ ல் என்று உயிரும் மெய்யுமாகப் பிரித்துக்கொண்டால் இதில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். நம் இலக்கணக்காரர்கள் புணர்ச்சி விதி சொல்லும்போது எப்போதும் இப்படித்தான் யோசித்தார்கள், குற்றியலுகரம் போய் மெய்மேல் உயிர் ஏறுகிறது என்று.

இன்றைய மொழி மாதிரிகள் இதையெல்லாம் கேட்பதில்லை. அவற்றில் பல பயன்படுத்தும் வெட்டும் முறை, 1994-ல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதியது. அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டை ஒன்றாக ஒட்டு, மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு. அவ்வளவுதான் அல்காரிதம். 2016-ல் எடின்பரோவில் ரீகோ சென்ரிச்சும் உடன் இருந்தவர்களும் இதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தை நிறையப் பார்த்த எண்ணிக்கை ஆங்கிலத்துக்கு ஓரளவு நல்ல துண்டுகளைக் கொடுக்கும். ஒவ்வொரு தமிழ்க் கோட் பாயிண்டும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட், வீட்டில் என்பது 24 பைட். தமிழைக் கொஞ்சமாகப் பார்த்த எண்ணிக்கை அந்த 24 பைட்டையும் முழுசாக ஒட்டி முடிப்பதற்குள் நின்றுவிடும். அப்போது கிடைப்பவை உருபன்களும் அல்ல, எழுத்துகளும் அல்ல, சில சமயம் ஒரு எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு. டோக்கன் கணக்கில் பணம் வாங்கும் சேவைகளில் தமிழுக்கு அதிகம் செலவாவதும் இதனால்தான்.

எழுத்துக்கு நடுவில் விழும் வெட்டு தொல்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒருமுறை அதுவே சாவியாக இருந்தது.

கிரீட் தீவில் க்னோசோஸ் என்ற இடத்தில் 1900 முதல் ஆர்தர் எவன்ஸ் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் லீனியர் பி என்ற எழுத்து இருந்தது. என்ன மொழி என்று தெரியாது, எந்தக் குறிக்கு என்ன ஒலி என்றும் தெரியாது. குறிகள் ஏறக்குறைய 90. நியூயார்க்கில் ப்ரூக்ளின் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் நடத்திக்கொண்டிருந்த ஆலிஸ் கோபர், மற்றவர்கள் 'இது இன்ன மொழியாக இருக்கும்' என்று ஊகித்துக்கொண்டிருந்தபோது, ஊகிக்கவே மாட்டேன் என்று எண்ண மட்டும் செய்தார். எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று அட்டை அட்டையாக எழுதி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். மொத்தம் சுமார் 1,80,000 அட்டைகள் என்பார்கள்.

1940-களில் எழுதிய கட்டுரைகளில் அவர் காட்டியது இது. சில சொற்கள் மூன்று மூன்றாக வருகின்றன. தொடக்கம் ஒன்று, முடிவு மட்டும் வேறு. அப்படியென்றால் இந்த மொழியில் சொற்கள் ஒட்டு ஏற்று மாறுகின்றன. ஆனால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு குறி உறுத்துகிறது, அதுவும் மாறுகிறது. தமிழே தெரியாத ஒருவர் வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என்பதைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டை, டி, டு மூன்றுக்கும் உருவத்தில் ஒற்றுமையே இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள், லீனியர் பி அப்படித்தான். வெட்டு அந்தக் குறிக்குள்ளேயே விழுகிறது என்று புரிந்துவிட்டால், ஒலி தெரியாமலே ஒன்றைச் சொல்லிவிடலாம்: இந்த மூன்று குறிகளுக்கும் மெய் ஒன்று, உயிர் மட்டும் வேறு. அடுத்து ஆற்றை, ஆற்றில், ஆற்றுக்கு என்று ஒரு கூட்டம் கிடைத்தால் றை, றி, று மூன்றுக்கும் வேறொரு மெய். டையும் றையும் ஒரே உயிர். கட்டம் போட்டு வரிசையில் மெய், பத்தியில் உயிர் என்று நிரப்பலாம். நம் அரிச்சுவடி அட்டவணையேதான், எந்தக் கட்டத்துக்கு என்ன ஒலி என்று மட்டும் தெரியாத அரிச்சுவடி.

கோபர் 1950-ல் 43 வயதில் இறந்துவிட்டார். அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி நிரப்பியவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர். 1952-ல் அந்த மும்மூன்று சொற்கள் கிரீட் தீவின் ஊர்ப்பெயர்களாக இருக்கலாமோ என்று அம்னிசோஸ் என்ற துறைமுகத்தின் பெயரைப் பொருத்திப் பார்த்தார். ஒரு கட்டத்தில் ஒலி விழுந்ததும் அந்த வரிசை முழுவதும், பத்தி முழுவதும் ஒலி விழுந்தது. மொழி கிரேக்கம். அதுவரை அவரே எதிர்பார்த்திராதது.

கோபர் அந்த மூன்று முடிவுகளையும் வேற்றுமை உருபுகள் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை, ஊர்ப்பெயரும் அதிலிருந்து செய்த ஆண்பால், பெண்பால் அடைகளும். ஆனால் அவர் வெட்டிய இடம் அப்படியே நின்றது. மும்மூன்றில் ஒன்று கோ-நோ-சோ, கோ-நோ-சி-யோ, கோ-நோ-சி-யா. சோவும் சியும் ஒரே ச்-இல் ஏறிய இரண்டு உயிர்கள். க்னோசோஸ், க்னோசோஸ்காரன், க்னோசோஸ்காரி: எந்த மண்ணிலிருந்து அந்தப் பலகைகளைத் தோண்டினார்களோ, அந்த ஊரின் பெயர்.